ஏழாவது குழிப் பச்சை

கடலோரத்தில் புல் வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரிதான், ஐயா. ஒரு பக்கம் உப்புக்காற்று, ஒரு பக்கம் மணல்; இரண்டு நாள் அசந்தால் முகம் வாடிவிடும். இந்தக் கோல்ஃப் மைதானத்தில் இருபத்தாறு வருடமாக அந்த வேலையைத்தான் பார்த்தேன். என் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

என் மனைவியின் அண்ணன் நல்ல மனிதர். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் பேசாமல் பேப்பர் படிக்கலாம். இவர் ஊர் வரலாறு எழுதக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து டீ குடித்தபடி என் புல்லைப் பற்றி விசாரிப்பார். வரலாற்று வாத்தியாருக்குப் புல்லில் என்ன அக்கறை? எனக்கு அப்போதே பொறி தட்டியது. என் மனைவி அவருக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் ஊற்றியதையும் கவனித்து வைத்தேன்.

விஷயம் இதுதான். மைதானம் வருவதற்கு முன் அங்கே மீனவர் தெரு ஒன்று இருந்தது. வீடுகளை இடித்து, மண் கொட்டி மூடிவிட்டார்கள். அங்கே யாருமே குடியிருந்ததில்லை என்கிறது மைதானத்தை நடத்தும் கிளப். அந்த மீனவர்களின் பேரப்பிள்ளைகள் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். தெரு இருந்தது எனக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் குறைந்தால், புதைந்த சுவர்களுக்கு மேலே உள்ள புல்தான் முதலில் காயும். வீடு வீடாக மஞ்சள் கோடு விழும். அந்த இடங்களுக்குக் கூடுதலாகத் தண்ணீர் காட்டி, இத்தனை வருடம் ஒரு கோடும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

மச்சான் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பத்து நாளைக்குத் தண்ணிய நிறுத்துங்க மாப்ள. கோடு தெரிஞ்சதும் அளந்து போட்டோ எடுத்துக்கறேன். கோர்ட்டுக்கு அது போதும்."

"மைதானமே போயிடுமே மச்சான்."

"புல்லுதானே மாப்ள. வேற எங்கயாவது வளத்துக்கலாம்."

புல்லுதானே என்றார். அது சுருக்கென்று தைத்தது. மறுத்தால் வேறு ஆளைப் பிடிப்பார் என்று தெரியும். சரி என்று தலையாட்டினேன். கிளப்பில் மோட்டார் பழுது என்று சொல்லிவிட்டேன்.

பந்து விழும் குழியைத் தினமும் இடம் மாற்றித் தோண்டுவது என் வேலைகளில் ஒன்று. பல வருடம் முன்பு ஏழாவது குழிப் பக்கம் அப்படித் தோண்டும்போது, கருவி நேராக உள்ளே இறங்கிவிட்டது. மக்கிப்போன பலகை, அதற்குக் கீழே அந்தத் தெருவின் வற்றிப்போன கிணறு. தகரம் போட்டு, மேலே மண்ணும் புல்லும் பதித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்தாம் நாள் மாலை, பராமரிப்பு வேலை நடக்கிறது என்று பலகை மாட்டிவிட்டு அந்தத் தகரத்தை உருவினேன். விடிந்ததும் மச்சான் அளவு நாடாவோடு வந்தார். கோடுகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. நாடாவின் நுனியை அவரிடம் கொடுத்து, இன்னும் இரண்டடி பின்னால் போகச் சொன்னேன். போனார்.

பிறகு தகரத்தை வைத்து, மண் பரப்பி, புதுப்புல் பதித்தேன். ஒட்டுப்போட்ட விளிம்பு தெரியாத வேலை.

அண்ணன் அங்கே வந்தாரா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். அவள் ஈர மண் ஒட்டிய என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருப்பாள். பரவாயில்லை.

மைதானமே காய்ந்து கிடக்க, ஒரு வட்டம் மட்டும் பச்சையாக இருந்ததால்தான் நான் பிடிபட்டேன் என்று உங்கள் ஆட்கள் வெளியே சிரிக்கிறார்கள். புதுப்புல் வாடக் கூடாதென்று தண்ணீர் விட்டு மாட்டிக்கொண்ட முட்டாள் என்று. அப்படி எழுதிவிடாதீர்கள், ஐயா. மச்சான் விழுந்ததும் சாகவில்லை. "மாப்ள, தண்ணி" என்று மூன்று நாள் குரல் வந்துகொண்டிருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. காலையும் மாலையும் அந்த வட்டத்தில் நின்று தண்ணீர் விட்டேன். தகரத்தைத் தாண்டிக் கொஞ்சமாவது அவருக்கு இறங்கியிருக்கும்.