மைனஸ் ஐ என்று ஒரு ஃபைல்

— அந்த ஃபோன வெச்சிட்டு நான் சொல்றத கேளுங்க அண்ணே.

— இரும்மா, இந்த ஒரு நம்பர். வணக்கம், கண் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேன். உங்க கண்ண எடுத்த படம் எங்க கம்ப்யூட்டர்ல அழிஞ்சு போச்சுங்கய்யா, தப்பு எங்களோடது. ஒரு நடை வந்தீங்கன்னா திரும்ப எடுத்துடலாம்... நன்றிங்கய்யா. பாரேன், இந்தப் பெரியவருக்குச் சந்தோஷம்தான். போன தடவ கண்ண மூடிட்டாராம், இந்தத் தடவயாவது நல்லா எடுங்கங்கறார்.

— சிரிக்க வைக்காதீங்க. இருநூத்திப் பதினாலு பேர். அத்தன பேருக்கும் மறுபடி சொட்டு மருந்து, மறுபடி காத்திருக்கணும். உங்களயும் கம்ப்யூட்டர் ரூம்லேர்ந்து தூக்கி இந்தப் பழைய காகிதக் கட்டுக்கு நடுவுல போட்டுட்டாங்க.

— தூசிக்குத் தும்மல் வருது. மத்தபடி ஜன்னலோரம். விடும்மா.

— விடமாட்டேன். அந்தப் படங்கள அழிச்சது நான்.

— ம்.

— என்ன 'ம்'மு? காதுல விழுந்துச்சா? பத்து நாளா எனக்குச் சோறு இறங்கல. குப்பை ஃபைல மட்டும் அழிக்கலாம்னுதான் உட்கார்ந்தேன். கட்டளை அடிக்கறப்ப ஸ்டாருக்கும் புள்ளிக்கும் நடுவுல தெரியாம ஒரு ஸ்பேஸ் தட்டிட்டேன். ஸ்டார் தனியா நின்னதுல எல்லாத்தையும் அழின்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. நம்ம யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஏன் எதுக்குன்னு கேக்குமா? ஒரு நொடியில காலி. காப்பி எடுக்குற டிஸ்க்கும் அந்த வாரம்தான் பழுது.

— தெரியும்மா.

— தெரியுமா! எப்பலேர்ந்து?

— அன்னைக்கே. காலி டம்ளர மூணு தடவ வாயில வெச்சு டீ குடிச்சியே, அப்பவே. அந்தப் படங்க இருந்த ஃபோல்டர்ல 'மைனஸ் ஐ'ன்னு ஒரு ஃபைல் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? அதாலதானே உங்க மேல பழி விழுந்துச்சு. அழிச்சது யாருன்னு மெஷின்ல பதிவு இல்ல. பழைய லிஸ்ட்ல உங்க பேர்ல அந்தக் கிறுக்கு ஃபைல் இருந்துச்சு. இவர்தான் ஏதோ விளையாடிக் கெடுத்திருக்கார்னு முடிவு கட்டிட்டாங்க. முந்தின வாரம் அதையும் நான்தான் அழிச்சேன். லேசுல போகல. பேருக்கு முன்னாடி புள்ளியும் சாய்கோடும் போட்டா போகும்னு கண்டுபிடிச்சு, ஊரெல்லாம் பெருமையடிச்சேன்.

— எங்கிட்டயும் வந்து சொன்ன. நான் அப்பவே வாயத் திறந்திருக்கணும். என் தப்பும்தான்.

— அது என்ன ஃபைல் அண்ணே? உள்ள ஒண்ணுமே இல்லையே.

— பேருதான் அதோட வேல. எல்லாத்தையும் அழின்னு யாராவது தட்டினா, மெஷின் அங்க இருக்குற பேரையெல்லாம் வரிசையா எடுத்துக்கும். 'மைனஸ் ஐ'யப் பார்த்தா அது ஃபைலுன்னு நினைக்காது. ஒவ்வொண்ணா கேட்டுட்டு அழிங்கிற உத்தரவுன்னு நினைச்சுக்கும். உடனே நின்னு, 'இத அழிக்கட்டுமா?'ன்னு கேக்கும்.

— கடவுளே. அது இருந்திருந்தா அன்னைக்கு என்னையும் கேட்டிருக்குமா?

— கேட்டிருக்கும்.

— காவலுக்கு நின்னத குப்பைன்னு கூட்டித் தள்ளியிருக்கேன். விசாரணையில நீங்க நின்னுட்டிருந்தீங்க, உங்க பின்னாடி நாற்காலியில உட்கார்ந்து நான் குறிப்பெடுத்தேன் அண்ணே. ஏன் வெச்சீங்கன்னு கேட்டதுக்கு 'சும்மா வெச்சேன்'னு நீங்க சொன்னத என் கையால எழுதினேன். கை கூசல எனக்கு.

— உன் கையெழுத்து நல்லா இருக்கும்.

— இதோ, பெரிய டாக்டருக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். இப்பவே கொடுக்கப்போறேன். அதுக்கு முன்னாடி உங்க முகத்தப் பார்த்து சொல்லணும்னுதான் வந்தேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மத்த ஃபோல்டர்லயும் அந்த ஃபைல் இருக்கா?

— இல்ல. அதுல மட்டும்தான்.

— அது பெரும்பாலும் நான் வேல செய்யுற ஃபோல்டராச்சே. எப்ப வெச்சீங்க?

— உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆச்சே, அந்த வாரம். கீபோர்டு மேலயே கண்ணு சொக்கி உட்கார்ந்திருந்த.

— இத விசாரணையில சொல்லியிருந்தா உங்கள விட்டிருப்பாங்களே அண்ணே!

— அடுத்ததா, யாருக்காக வெச்சீங்கன்னு கேட்டிருப்பாங்க. அந்தப் பதிலயும் உன் கையாலதானேம்மா எழுதணும்.