எதுல ஓடுச்சு?

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவரே, மகளே, சோதனைப் பிரிவுத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி வந்ததைத்தான் படிக்கிறேன். தடுமாறினால் பொறுத்தருள்க.

நம் பிரிவின் தலைவியான அந்த அம்மையாரை எல்லோரும் 'எதுல அக்கா' என்றோம். வயதில் மூத்த நானும்தான். ஏன் அந்தப் பெயர்? நிரல் எழுதியவர் சோதனை அறைக்குள் வந்து, "அக்கா, ஓடிடுச்சு" என்பார். அக்கா திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "எதுல?" என்பார். சி மொழியில் எழுதிய ஒரே நிரலை, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் மூன்று கம்பைலர்களில், அவற்றோடு வரும் ஆயத்தக் கட்டளைத் தொகுப்புகளான மூன்று நூலகங்களில் ஓட்டி, விடை ஒன்றாக வந்தால்தான் விடுவார். வீட்டிலும் அப்படித்தானாம். மகள் சொன்னார்: "செருப்பு சரியா இருக்குன்னு கடையில சொன்னா, 'படியேறிப் பாத்தியா?'ன்னு கேப்பாங்க மாமா."

இரத்த வங்கிக்கு நாம் செய்த நிரலை மறக்க முடியுமா? காலாவதி நாள் முந்திய இரத்தப் பை முதலில் போக வேண்டும். நாள் ஒன்றானால், முதலில் வந்த பை. இரண்டு கம்பைலர்களில் சரியாக வந்தது. மூன்றாவதில் ஒரே நாள் பைகள் இடம் மாறி நின்றன.

"அந்த லைப்ரரி சொதப்புதுக்கா, விட்டுத் தள்ளுங்க" என்றார் நிரலாளர்.

"அது மேல ஏன்பா பழி? சமமா இருக்கறத எந்த வரிசையில வைக்கணும்னு, அதுல அடுக்கித் தர்ற கியூசார்ட்டுக்கு சி மொழியோட ஸ்டாண்டர்டு விதியில எங்கயாவது சொல்லியிருக்கா?"

"இல்ல... ஆனா ரெண்டுல சரியா வருதே."

"ரெண்டு வீட்டுல கேக்காமலே காபி குடுத்தாங்கன்னு, மூணாவது வீட்டுல போய்ச் சண்டை போடுவியா?"

அறையே சிரித்தது. நிரலாளரும் சிரித்துக்கொண்டே பை வந்த வரிசை எண்ணையும் ஒப்பீட்டில் சேர்த்தார். மூன்றிலும் ஒரே விடை. யார் செய்த காரியம் அது? நூலகம் தராத வாக்கை நம்பி நாம் ஏமாறாமல் காத்தது அந்த ஒற்றைக் கேள்வி.

அக்கா போய்விட்டார், இனி ஒரு கம்பைலர் போதும், அந்த அறையைக் காலி செய்யலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. தலைவர் அவர்களே, எந்தக் கூட்டத்திலும் கை தூக்காதவன் நான். இன்று தூக்குகிறேன். இரத்த வங்கி இப்போது புதிய கம்பைலருக்கு மாறுகிறது. அதில் நம் நிரல் என்ன செய்யும்? இங்கே யாருக்குத் தெரியும்? அந்த அறையை விட்டுவையுங்கள். அந்தப் புதிய கம்பைலரை ஓட்டிப் பார்க்க, நான்காவது இயந்திரத்துக்கு மேசையில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் இங்கு வந்தேன்.

நாளை யாரேனும் அங்கே வந்து "ஓடிடுச்சு சார்" என்றால், அக்காவைப் போல உரக்கக் கேட்க என்னால் முடியாது. ஆனால் கேட்பேன். பதில் வரும்வரை எதையும் வெளியே அனுப்ப மாட்டேன்.