ஆறுக்கு அப்புறம் ஏழு

ஆமாங்க, பச்சக் கேட்டு போட்டிருக்குதே, அந்தக் கம்பெனிதானுங்க. அங்கதான் வேல்குமாரு நாலு வருசம் இருந்தான். உள்ள போயிக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆபீசுல இருக்கறதெல்லாம் புது ஆளுங்க. வாட்ச்மேன் என்னமோ சொல்லியிருக்கான், அதானுங்க? உங்க மொகத்துலயே தெரியுது. வெயிலு சுடுது, சித்த இப்பிடி உக்காருங்க. கடைக்காரரே, இங்க இன்னொரு டீங்க. உங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா? கம்மியா? செரிங்க.

கணியூருங்களா? அங்கிருந்து ரெண்டு பஸ் மாறி, மாப்பளையப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. தப்பே இல்லீங்க. பொண்ணக் குடுக்கறதுன்னா நாலு எடத்துல கேக்கத்தான் வேணும். நானும் கேட்டவந்தான். என்ற பேரு நல்லானுங்க. இந்தக் கம்பெனில எம்பிராய்டரி ஆபரேட்டரு. வேல்குமாரும் நானும் ஒரே மெசின்ல நின்னவங்க. அவனப் பத்தி என்னைய விட யாருக்கு என்ன தெரியப் போவுது?

குடியா? யாரு, அவனா? அட ஏனுங்க நீங்க வேற. டீக்கே பாலு கூடக் கேக்கறவனுங்க அவன். வாட்ச்மேன் சொல்றான்னா, அவன் யாரு சொல்லிக் கேட்டானோ. ஒருத்தன் ஒண்ணச் சொன்னா அடுத்தவன் அதுல ரெண்டச் சேத்திச் சொல்றது. போதையில நின்னு ஆறாயிரம் பீசக் கெடுத்துப்போட்டு ஓடிட்டான்னுதான சொன்னான்? ஆறாயிரம் பீசு போனது நெசந்தானுங்க. நான் மறைக்கல. அதுக்காவ அவன வேலைய உட்டு அனுப்புனதும் நெசந்தான். அதுக்கு மேல சொன்னதெல்லாம் பொய்யி.

அது என்னன்னு சொல்லோணும்னா மொதல்ல கோல்ப்புன்னு ஒரு வெளயாட்டப் பத்திச் சொல்லோணுங்க. சிரிக்காதீங்க. மாப்பளையப் பத்திக் கேட்டா வெளயாட்டப் பத்திப் பேசறானேன்னு நெனைக்காதீங்க. சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

குச்சிய வெச்சு வெள்ளப் பந்த அடிக்கறாங்களே, அதானுங்க. நான் நேருல பாத்ததில்ல. இந்தத் திருப்பூருல பாத்தவன் எத்தன பேரு இருப்பானோ தெரியாது. ஆனா அந்தக் குச்சி பண்ற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் காலரு வெச்ச டீசர்ட்டு நாங்கதான் பண்ணிக் குடுக்கறது. புதுசா குச்சி உட்டா, அந்தக் குச்சி பேரும் நம்பரும் சட்டக் கையில நூலு போட்டிருக்கோணும். வால்டோரான்னு பேருங்க. வால்டோரா மூணு, வால்டோரா நாலு, இப்பிடிப் போவும்.

மொத வருசம் நடந்ததக் கேளுங்க. விஜயராணின்னு ஒரு பொண்ணு, சரக்கு வாங்கற பையரோட பேசற மெர்ச்சன்டைசரு, விருதுநகர்ப் பக்கம் அதுக்கு. அண்ணாச்சி, இந்த வருசம் புது டிரைவர் வருது, அடுத்த வருசம் புது அயர்ன் வருதுன்னுச்சு. நான் செரி, வண்டிக்குப் புதுசா டிரைவரு போடறாங்க, துணி தேய்க்கறதுக்குப் புது அயர்ன் பொட்டி வாங்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேன். நேரா அயர்ன் மாஸ்டர்கிட்டப் போயி, உங்க கஷ்டம் தீந்துச்சுங்க, புதுசு வருதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த மனுசன் ஒரு வருசம் காத்துட்டுக் கெடந்தாருங்க. அப்பறம் பாத்தா ரெண்டுமே குச்சிப் பேராமா. நீட்டுக் குச்சி டிரைவராம், இரும்பு வெச்சது அயர்னாம். இன்னைக்கும் அந்த மாஸ்டரு என்னையப் பாத்தா, எங்கீங்க அயர்னுன்னு கேப்பாரு.

டிரைவரு வருசத்துக்கு ஒண்ணுங்க. அயர்ன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. குழிக்குள்ள தள்ளறதுக்குக் குட்டையா ஒண்ணு இருக்குதாம், அது அவங்களுக்குத் தோணறப்ப வரும். தை பொறந்தா அங்க கடைக்கு வந்துரும். அப்ப இங்க ஆவணி புரட்டாசிலயே எங்க மெசினு ஓடியாவோணும். வெளயாடறவனுக்கே தெரியாது, அடுத்த குச்சி என்ன நம்பருன்னு. எங்களுக்குத் தெரியும். அதனாலதான் அந்த ரெண்டு மாசம் செல்போன உள்ள கொண்டுபோவ உட மாட்டாங்க.

வருசா வருசம் அப்பிடி என்னதாங்க மாறுது அந்தக் குச்சியிலன்னு விஜயராணியக் கேட்டேன். பந்து பத்தடி சேத்திப் போவுமாமுங்க. பத்தடி! அதுக்குப் போன வருசத்துக் குச்சிய ஏனுங்க தூக்கிப் போடோணும்? அது நல்லாத்தான அடிச்சுட்டு இருந்துச்சு? புதுசு வந்த அன்னைக்கே பழசுக்கு மதிப்பில்லாமப் போயிருமாமா. நான் பொதுவா கோவப்படற ஆளில்லீங்க. இதக் கேட்டா மட்டும் எனக்கு ஆவறதில்ல. போன வருசம் போன வருசமாவே இருந்துட்டுப் போவட்டுமே, யாருக்கு என்ன கேடு?

இல்லீங்க, ஒண்ணுமில்ல. டீயக் குடிங்க, ஆறுது.

எங்க ஊட்டுல காலண்டரே வேண்டாமுங்க. எல்லாக் கணக்கும் குச்சிக் கணக்குத்தான். மூணு ஓடுனப்ப வேல்குமாரு வந்து சேந்தான், வெள்ளகோவிலுக்காரன், மெசினத் தொடவே பயந்துட்டு நின்னான். நாந்தான் தொழில் சொல்லிக் குடுத்தது. அஞ்சு ஓடுனப்ப என்ற புள்ள பிரியங்கா மேல செக்கிங்குக்கு வந்துச்சு. ஒரே புள்ளைங்க எனக்கு. ஆறு ஓடுனது நல்ல வருசங்க. மத்தியானம் அந்தப் புள்ள சோத்துப் போசி எடுத்துட்டுக் கீழ வரும். மெசினு பக்கத்துல நின்னுட்டு, அப்பா இந்த ஆறு வயிறு பெருத்துக் கெடக்குது, நீ போடற ஆறு உன்னைய மாதிரியே இருக்குதுன்னு சொல்லிச் சிரிக்கும். இவனும் சிரிப்பான். எனக்கு இந்த மெசினுச் சத்தத்துல பாதி கேக்காது, இருந்தாலும் நானும் சிரிப்பேன்.

அப்பறம் ஏழு வந்துச்சு.

ஏழு ஓடுன புரட்டாசிலதான் அந்தத் தப்பு நடந்தது. எப்பிடின்னா, எங்க மெசினுல இருவது ஹெட்டுங்க, ஒரே தாட்டி இருவது பீசு அடிக்கும். முன்னால ஒரு ஸ்கிரீன் இருக்கும். அதுல பழசு புதுசு எல்லா டிசைனும் வரிசையா நிக்கும். புது பைலத் தொட்டு ஓட்டோணும். ஏழத் தொடறதுக்குப் பதிலா ஆறத் தொட்டாச்சு. நூலு கலரு அதே, எழுத்து அதே, எடம் அதே. ஒரு நம்பருதான் வித்தியாசம். மொத பீச எடுத்துச் சாம்பிளோட வெச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடோணும்னு சட்டம் இருக்குது. அதுவும் போட்டாச்சு. அவசரத்துல மேல இருக்கறவங்களும் பாக்கல. தெச்சு, தேய்ச்சு, மடிச்சு, பொட்டி கட்டியாச்சு. கடைசியா பையரோட ஆளு வந்து ஒரு பொட்டியப் பிரிச்சுப்போட்டு, ஏழு எங்கன்னு கேட்டான். ஆறாயிரத்துலயும் ஆறுங்க. அடுத்த வருசச் சட்டையக் கேட்டவனுக்குப் போன வருசச் சட்டையக் கட்டி வெச்சிருக்கறோம். எடுத்துக்குவானுங்களா? மாட்டேன்னுட்டான். எல்லாம் கழிச்ச சரக்கு விக்கற காதர்பேட்டைக்குப் போச்சு. இப்பவும் பசங்க போட்டுட்டுத் திரியறாங்க பாருங்க. அவங்களுக்கு ஆறென்ன ஏழென்ன, துணி நல்ல துணி.

மொதலாளி எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டாருங்க. யாருடா பைலு போட்டதுன்னு கேட்டாரு. வேல்குமாரு ஒரு எட்டு முன்னால வெச்சு, நாந்தானுங்க, கவனமில்லாமத் தொட்டுட்டேன்னான். அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலமே அனுப்பீட்டாங்க. பொறவு பெரிய கம்பெனி எதுலயும் அவன எடுக்கல, பேரு பரவிப் போச்சு. இப்ப பெருமாநல்லூரு ரோட்டுல ஒரு சின்னப் பட்டறையில இருக்கறான். அங்க அவன் கை வேலையப் போயிப் பாருங்க. ஒரு நூலு பிசிறு இருக்காது.

போன வருசம் குன்னத்தூருல இருந்து ஒரு பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தாங்க, உங்கள மாதிரியே. அந்தப் பொண்ணோட சித்தப்பன் இதே பெஞ்சுலதான் உக்காந்தாரு. வாட்ச்மேன் பேச்சக் கேட்டுட்டு எங்கிட்டயும் கேட்டாரு. நெசமுங்களான்னாரு. நான் எனக்கொண்ணும் தெரியாதுங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அது நின்னு போச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்குலீங்க எனக்கு. இன்னைக்கு நீங்க கேட்டுப் பக்கத்துல நிக்கறதப் பாத்ததும், இந்தத் தாட்டி எந்திரிச்சுப் போவக் கூடாதுன்னுதான் நானாக் கூப்புட்டேன்.

அந்தப் பைலத் தொட்டது அவனில்லீங்க. நானு.

ஆமாங்க. இந்த வெரலுதான். அவன் அப்ப நூலு கோத்துட்டு இருந்தான், ஸ்கிரீன் பக்கமே வருல.

போதையில்லீங்க, தூக்கமும் இல்ல. ஆவணி கடைசில பிரியங்காளுக்குக் காச்சல் வந்துச்சு. சாதாரணக் காச்சலுன்னு மாத்திர வாங்கிக் குடுத்தோம். நாலாம் நாளு ஆசுபத்திரில சேத்தோம், அஞ்சாம் நாளு போயிருச்சு. இருவத்தி மூணு வயசுங்க. கருமாதி முடிஞ்ச அடுத்த நாளே நான் வேலைக்கு வந்துட்டேன். ஊட்டுல இருக்க முடியலீங்க. அந்தப் புள்ள துணியெல்லாம் கொடியிலயே கெடந்துச்சு. என்ற ஊட்டுக்காரி எடுக்கவும் மாட்டீங்கறா, எடுக்க உடவும் மாட்டீங்கறா. மெசினு சத்தத்துலயாச்சும் நிப்போம்னுதான் வந்தேன். வந்தா ஸ்கிரீன்ல நிக்குது, நாலு, அஞ்சு, ஆறு, ஏழுன்னு. ஏழுன்னா அடுத்த வருசங்க. அந்த வருசத்துல என்ற புள்ள இல்ல. என்ற கை போவுலீங்க. ஆறத் தொட்டுருச்சு. தெரிஞ்சு தொட்டனா, தெரியாமத் தொட்டனான்னு கேக்காதீங்க. நானே கேட்டுப் பாத்துட்டேன், எனக்குத் தெரியல. மொத பீச எடுத்துப் பாத்தேன், ஆறு இருந்துச்சு, கண்ணுக்கு நல்லா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு நாளு அந்த ஆறு ஓடிட்டே இருந்துச்சுங்க. அந்த மூணு நாளு நான் அழுகவே இல்ல.

அவனும் பாக்கலீங்க. அவன் கண்ணும் அப்ப எதையும் பாக்கற நெலமையில இல்ல.

மொதலாளிகிட்ட நான் உண்மையச் சொல்லியிருக்கோணும். சொல்லப் போனனுங்க, அடுத்த நாளே. இவந்தான் வழியில நின்னு மறிச்சான். உங்களுக்கு இந்த வயசுல வேற யாரு வேல குடுப்பாங்க, ஊட்டுல அவங்களையும் பாக்கோணுமல்ல, எனக்குக் கையி காலு இருக்குது, பொழச்சுக்குவேன்னான். நானும் அதக் கேட்டுட்டு இருந்துட்டேன். அதுதானுங்க நான் பண்ணுன பாவம். பைலு மாறுனது கூட இல்ல. நீங்க இப்பப் போயி மொதலாளிகிட்டச் சொல்றதுன்னாலும் சொல்லுங்க. நான் கூட வாரேன்.

ஏனுங்க, எதுக்கு அவன் எனக்காவ ஏத்துக்கிட்டான்னா கேக்கறீங்க? எனக்கு அவன் என்ன வேணும்னா?

என்ற புள்ளைக்குத்தானுங்க அவனப் பேசி முடிச்சிருந்தோம். வைகாசில பூ வெச்சோம். ஐப்பசில முகூர்த்தம் குறிச்சிருந்துச்சு.

பயப்படாதீங்க. ரெண்டு வருசமாச்சு. அவன் உங்க புள்ளைய நல்லா வெச்சுக்குவான், அதுக்கு நான் பொறுப்புங்க. பொண்ணே வேண்டாமுன்னு கெடந்தவன, போயி உக்காந்து அழுது, ஒத்துக்க வெச்சதே நானும் என்ற ஊட்டுக்காரியுந்தான். குடுங்க. யோசிக்காமக் குடுங்க. பத்திரிகை எங்களுக்கும் வெய்ங்க, வந்து அட்சத போட்டுட்டுப் போறோம்.

ஒண்ணே ஒண்ணுதானுங்க. மெசினுல நின்ன காலத்துல என்னைய அண்ணான்னுதான் கூப்புடுவான். பூ வெச்ச அன்னைக்கு, வெக்கப்பட்டுட்டு, மாமான்னான். அந்தப் புள்ள போன பொறவும் அத மாத்துலீங்க அவன். நேத்துக் கூடப் போன் பண்ணி, மாமா, சாப்புட்டீங்களான்னான். இனி உங்களத்தான் அவன் மாமான்னு கூப்புடோணும், அதுதான் மொறை. என்னைய அப்பறம் என்னன்னு கூப்புடுவான்னுதானுங்க தெரியல.