வெள்ளிக்கிழமைச் சந்தனம்

சந்தனம் அரைப்பதற்கு அவசரம் ஆகாது, டாக்டர். கையைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினாலும் விழுது கரகரப்பாகிவிடும். கோவில்பத்தில் எங்கள் தெரு அம்மனுக்கு வெள்ளிதோறும் நான்தான் அரைக்கிறேன். மின்சார ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த திருப்பணி அது. பூசை முடிந்ததும் மிச்சச் சந்தனத்தை வருகிறவர்களுக்கு என் கையாலேயே கொடுப்பேன். அரிப்போ, சொறியோ, வேர்க்குருவோ, எதுவானாலும் அதைப் பூசிக்கொள்வது எங்கள் தெரு வழக்கம்.

போன மழைக்காலத்தில் தொடையிடுக்கில் படர்தாமரையோடு நான் உங்களிடம் வந்தது நினைவிருக்கும். சிவந்து வீங்கி, வண்டியில் உட்கார முடியவில்லை. நீங்கள் ஒரு ட்யூப் எழுதிக் கொடுத்தீர்கள்.

"இதுல பூஞ்சைக்கும் மருந்து இருக்கு, வீக்கம் அடங்க ஸ்டீராய்டும் இருக்கு சார். வந்த இடத்துல மட்டும் மெல்லிசா பூசுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல வேணாம். முகத்துல கூடாது. மேல இறுக்கமா எதையும் கட்டக் கூடாது. குழந்தைங்க கிட்டயே கொண்டு போகாதீங்க. அடுத்தவங்களுக்கும் குடுக்காதீங்க."

"வீட்டுக்காரிக்குக்கூடவா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு வேணும்னா அவங்களயே கூட்டிட்டு வாங்க" என்று சிரித்தீர்கள்.

அப்படியே செய்தேன். கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாகப் பூசினேன். சொன்ன நாளில் நிறுத்தினேன். அது திரும்பத் தலைகாட்டவே இல்லை. நல்லவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கொள்கை.

ட்யூபில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தையல்நாயகி வந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். ஈரச் சேலையோடு சேற்றில் நின்று நின்று இடுப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தடித்திருந்தது.

"சொறிஞ்சு சொறிஞ்சு கை ஓய்ஞ்சு போச்சுங்க ஐயா. அம்மாவுக்குக் காது கேக்கலியோ என்னமோ."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் அம்மனைப் பற்றி ஒருத்தி அப்படிப் பேசும்படி விடலாமா? அவளுக்கு வைத்த சந்தனத்தில் மிச்சத்தைப் பிதுக்கிக் குழைத்தேன்.

அடுத்த வெள்ளி அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கேட்டுடுச்சுங்க ஐயா. நல்லாவே கேட்டுடுச்சு" என்று தெரு முழுக்கச் சொன்னாள். மண்டபத்தூரிலிருந்து மீன்காரப் பெண்கள்கூட வர ஆரம்பித்தார்கள். காரைக்காலில் மருந்துக் கடைக்கு ஒன்றாக அதே ட்யூபை வாங்கினேன். ஒரே கடையில் நிறையக் கேட்டால் வீண் பேச்சு வரும். மனிதர்கள் எதையும் எளிதில் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சிலருக்குப் பூசுவதை விட்டதும் திரும்பி வந்தது, முன்னைவிட அகலமாக. கோயிலை மறந்ததன் பலன் என்று அவர்களே சொல்லிக்கொண்டு மறுபடி வந்தார்கள். நான் மறுக்கவில்லை. சந்நிதிக்கு வருகிறவரைத் தடுப்பது பாவம்.

பக்கத்து வீட்டு நித்யஸ்ரீயும் வந்தாள், கைக்குழந்தையோடு. "டயப்பர் போட்ற எடமெல்லாம் செவசெவன்னு இருக்கு மாமா. தொட்டாலே வீல்னு கத்துறா."

வேலைக்குப் போகிற பெண், வெள்ளிக்கு வெள்ளி அலைய வேண்டாமே என்று கிண்ணம் நிறையக் கொடுத்தேன். மாதக்கணக்கில் தீரத் தீரக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பூசி, மேலே டயப்பரை இறுக்கிவிடுவாள். நீங்கள் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் கட்டக் கூடாது என்றுதானே சொன்னீர்கள். டயப்பர் என்று சொல்லவில்லையே.

குழந்தை அழுகையை நிறுத்தியது. கன்னம் உப்பி, முகம் பௌர்ணமி மாதிரி உருண்டது. தெருவே தூக்கிக் கொஞ்சியது. வளர்த்தி மட்டும் இல்லை. பிறந்த புதிதில் தைத்த சட்டையே போதுமாக இருந்தது. துணிச் செலவு மிச்சம் என்று கேலி செய்தோம்.

பிறகு நித்யஸ்ரீ தாய்வீடு போனாள். கிண்ணத்தை எடுத்துப்போக மறந்துவிட்டாள். சில நாளிலேயே, துவண்டு, வாந்தியெடுத்துக்கொண்டிருந்த குழந்தையை அங்கிருந்து நேரே உங்களிடம்தான் தூக்கி வந்தாள்.

"என்னம்மா பூசுனீங்க? ஏதோ பலமான மருந்து உடம்புல ஏறியிருக்கு. சட்டுனு நிறுத்துனதுல குழந்தை தாங்கல. எதுன்னு தெரிஞ்சாத்தான் நான் சரியா பாக்க முடியும்" என்றீர்கள்.

"சத்தியமா ஒண்ணுமில்ல டாக்டர். கோயில் சந்தனம் மட்டுந்தான்" என்று அழுதாள்.

செய்தி கேட்டு வெந்நீர் ஃப்ளாஸ்கோடு வந்த நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஃப்ளாஸ்கை வைத்துவிட்டு, குழந்தை நெற்றியில் விபூதி இட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இன்று நீங்கள் ஆள் அனுப்பி அந்தக் கிண்ணத்தைச் சோதனைக்கு வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். அதனால் நானே வந்துவிட்டேன்.

ஆம், கலந்தவன் நான்தான். நித்யஸ்ரீயிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது நம்பிக்கை ஒன்றுதான் துணை. உங்களால் முடிந்த ஒரு சின்ன உதவி.

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே கொடுத்து முடித்துவிட்டேன். கைக்குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், டாக்டர். அவர்களுக்கென்று இப்போது தனிக் கிண்ணம் வைத்திருக்கிறேன். அதில் பாதிதான் கலந்தேன்.