யாரும் வேண்டாம்னு ஒரு பொத்தான்

நோட்டா வராத காலம், தேர்தலுக்கு முந்தின நாள். விஸ்வநத்தம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பட்டாசு கம்பெனிப் பெண்கள் இருவர். அவர்கள் பேச்சில் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன்.

"யாருக்கும் ஓட்டு இல்லன்னு சொல்லத்தான் நாளைக்கு பூத்துக்குப் போறேன்க்கா," என்றாள் சன்னலோரத்துக்காரி. "ரெண்டு கட்சியும் மாத்தி மாத்தி வந்து என்னத்தக் கிழிச்சாக?"

"ஏட்டி, மெதுவாப் பேசு! அத ஆபீசர்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். அங்கனயே ஒரு கட்சி ஏஜெண்டா நம்ம போர்மேன் இருப்பாரு, இன்னொண்ணுக்கு அவரு மச்சான். காதுல விழுந்தா உனக்கு வேல இருக்குமாட்டி?"

"அப்ப மிஷின்லயே 'யாரும் வேண்டாம்'னு ஒரு பொத்தான் வைக்கட்டும். சத்தமில்லாம அமுக்கிட்டு வாரேன்."

அடுத்த நிறுத்தத்தில் அந்த போர்மேனே ஏறினார். "என்னம்மா, நாளைக்கு ஓட்டு ஞாபகம் இருக்கா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சன்னலோரத்துக்காரிதான் எழுந்து நின்றாள்.

"நீங்க சொல்றதுதாண்ணே. இங்கன உக்காருங்க."