தொட்டி நிறைந்த மத்தியானம்

எங்கள் தெருவில் இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது. மாடி வீட்டுக் குழாயில்கூட ஏறுகிறது. முன்பெல்லாம் வறண்ட குழாயடிக்கு எப்போதாவது தண்ணீர் லாரி வரும், பெண்கள் குடத்துக்குப் பக்கத்திலேயே காவல் நிற்பார்கள். இப்போது குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நான் நகராட்சியின் மோட்டார் அறையில் வேலை பார்க்கிறேன். அறை மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு மோட்டார், இரண்டு வால்வு, கால் ஆடும் ஒரு நாற்காலி. இடது வால்வு அதிகாரிகள் குடியிருப்புக்கு. வலது வால்வு மேலே தொட்டிக்கு, அங்கிருந்து எங்கள் தெருவுக்கு. தொட்டியைக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து, வலது வால்வைத் தொடக்கூடாது என்று உத்தரவு. வாரந்தோறும் படியேறித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதும் உத்தரவுதான். ஏறுவேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். காய்ந்துகிடக்கும். இறங்கிவிடுவேன். அரசாங்க வேலை என்றால் சும்மாவா.

அந்தத் தொட்டிக்காக இடித்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. எங்களுக்காகப் பேசப் போனவர்களின் வீடுகளுக்கு நகராட்சி பூட்டுப் போட்டு சீல் வைத்தது. மருந்து பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதால் தையற்காரரின் அம்மா இறந்துபோனார். அன்றுதான் என் தம்பி கடைக்குப் போய்ப் பூட்டுகள் வாங்கி வந்தான்.

மிச்சம் உங்களுக்கும் தெரியும். நகராட்சிக் கூட்டம் நடக்கும்போது வெளியே பூட்டிவிட்டு, எதிர்ச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். உச்சி வெயிலில் நகராட்சித் தலைவர் ஜன்னல் வழியாக, "யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுங்கய்யா" என்று கேட்டார். "மனு எழுதிக் குடுங்க தலைவரே, பரிசீலனை பண்றோம்" என்றாள் மீன்காரி. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு இடிக்கிற இயந்திரத்தைக் கொளுத்தினான். சீல் வைக்கும் ஆளின் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். அதைப் பற்றித் தெருவில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள், ஆனால் சந்தோஷமாகப் பேசினார்கள். அதன்பின் எந்த வீட்டுக்கும் பூட்டுப் போட ஒருவரும் வரவில்லை. தம்பிக்குப் பூட்டுக்காரன் என்று பெயர் வந்தது.

அதுவரை நான் புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அதற்கப்புறம் பூட்டுக்காரனின் அக்கா. கடையில் எனக்கென்று நல்ல காயாகப் பொறுக்கி எடுத்தார்கள். குழாயடியில் வழிவிட்டார்கள். பிள்ளை பெற்றவர்கள் முதலில் என் மடியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் இதற்கு ஆசைப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. அது அவனுக்கு வந்த மரியாதை. அவனால் வெளியே தலைகாட்ட முடியாததால் நான் வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் மலையிலும் ஆற்றங்கரையிலும் தேடினீர்கள். அவன் என் தலைக்கு மேலே, தொட்டிக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தான். அது காலி என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். கோடை முழுக்க அந்த சிமெண்ட் சூட்டில் கிடந்தான். இருமல் வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. நகராட்சி வண்டி ஒலிபெருக்கியோடு தெருவைச் சுற்றிய அன்று, நான் தொட்டிக்குள் இறங்குவதற்குள்ளாகவே கேட்டான்.

"அக்கா, மைக்குல சொன்னது கேட்டுச்சா? மேடையேறி மன்னிப்புக் கேட்டா கேஸ் இல்லையாம். வாட்ச்மேன் வேலை வேற தர்றாங்களாம்."

"எங்க, அவங்க ஆபீஸ் வாசல்லயா?"

"எந்த வாசலா இருந்தா என்னக்கா. டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து சூடா ஒரு டீ குடிக்கணும். நாலு மனுஷங்க முகத்தப் பாக்கணும்."

"தெரு என்னடா ஆகும்?"

"அவ்வளவு அக்கறைன்னா நீ வந்து இங்க படு. நான் கீழ போய் மோட்டார் போடறேன்" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவசரப்பட்டுச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் அவன் கைகட்டி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மறுநாளே பூட்டோடு ஆட்கள் வருவார்கள். நான் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தைக்கூட நகர்த்த மாட்டார்கள். ஒரு பக்கம் ஒரு தெரு, மறுபக்கம் ஒரு ஆள். அந்த ஆளும் களைத்துப்போனவன். பூட்டுக்காரனைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தம்பியைக் கீழே இறங்க விடக்கூடாது என்று புரிந்தது.

மறுநாள் மத்தியானம் அவனுக்குப் பிடித்ததாகச் சமைத்து எடுத்துப்போனேன். நன்றாகச் சாப்பிட்டான். "மன்னிப்புக் கேக்கப் போறப்ப போட்டுக்க ஒரு நல்ல சட்டை வேணும்க்கா" என்றான். சரி என்றேன். அவன் படுத்ததும் வெளியே வந்து இரும்பு மூடியைச் சாத்தினேன். அவன் வாங்கிய பூட்டுகளில் ஒன்று என்னிடம் இருந்தது, அதைப் போட்டேன். எனக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் இறங்கினேன். இடது வால்வை மூடினேன். வலது வால்வு இறுகிக் கிடந்தது, கம்பி கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. மோட்டாரைப் போட்டேன்.

அவன் கூப்பிட்டானா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டான். தொட்டியின் அடியிலிருந்து இறங்கும் வெறும் குழாய் வழியாகக் கேட்டது. "அக்கா, தண்ணி வருது. நான் உள்ளதான் இருக்கேன்" என்றான். தெரியாமல் திறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். குழாயின் வாயைத் தண்ணீர் மூடியதும் குரல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

குழாய்கள் முதலில் இருமின, பிறகு துருத் தண்ணீரைத் துப்பின, பிறகு தெளிந்தன. மீன்காரி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உன் தம்பி சாதிச்சுட்டான்டி! நகராட்சிய மெரட்டித் தண்ணி கொண்டாந்துட்டான்!" இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் பெயர் தெருவெங்கும் ஓடியது. நான் எதற்காகச் செய்தேனோ அது நடந்தது. வால்வை மூட வந்த பொறியாளர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பூட்டுக்காரன் எங்கோ பக்கத்தில் இருக்கிறான் என்று பயந்து திரும்பிப் போனார்.

தலைவருக்கு மூளை உண்டு. மூட முடியாததைத் திறந்துவைத்தார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குழாயை மேடை போட்டு மறுபடி திருகினார். எல்லோரும் கைதட்டினார்கள், மீன்காரியும்தான். பூட்டுக்காரன் விலைபோய்விட்டான், எங்கேயோ நிம்மதியாக இருக்கிறான் என்று பேச ஆரம்பித்தார்கள். போன வாரம் தையற்காரர் வீட்டுக்கு மறுபடியும் சீல் வைத்தார்கள். யாரும் வெளியே வரவில்லை. எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தண்ணீர் நாறுகிறது என்று சிலர் புகார் சொன்னார்கள். பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொல்லி உத்தரவு வந்தது, கலந்தேன். நான் மட்டும் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். மனசாட்சி உறுத்தியதா என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். நேற்றுத் தொட்டியின் காலில் கல் பதிக்கக் கொத்தனார் வந்தார். தண்ணீர் தந்தவர் என்று அதில் தலைவரின் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். அது பொய். தொட்டியைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது உண்மை என்று தெரியும். சாவி இதோ இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டது நான்தான் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தம்பியின் பெயர் கல்லில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவன் வால்வைத் தொடக்கூட இல்லை.