ரத்தக்கட்டு ஆற ஏழு நாள்

ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கலாம், இன்ஸ்பெக்டர் மேடம். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகிவிடும். மெல்லிய துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும், பத்து நிமிடம் எடுத்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஆனாலும் உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. கிண்ணத்தை அப்படி ஓரமாக வைத்துவிடுங்கள். என் கன்னம் இப்படியே இருக்கட்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் பதினாறு வருடமாகச் சருமநலக் கிளினிக் ஒன்றில் நர்ஸ். முகப்பரு, தேமல், முடி கொட்டுதல் என்று கூட்டம் வரும். மாடியில் தனி அறை ஒன்று உண்டு. அங்கே ஃபில்லர் ஊசி போடுவார்கள். கன்னம் ஒட்டியவர்களுக்கும் கண்ணுக்குக் கீழே குழி விழுந்தவர்களுக்கும் தோலுக்கடியில் ஜெல் மாதிரி ஒரு மருந்தை டாக்டர் ஏற்றுவார். எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும் ஊசி சில சமயம் ஒரு சின்ன ரத்தக்குழாயைத் தொட்டுவிடும். அந்த இடம் கன்றிப்போகும். டாக்டர் கையுறையைக் கழற்றிய பிறகு என் வேலை ஆரம்பம்.

ரத்தக்கட்டு முதல் நாள் சிவப்பாக இருக்கும். மறுநாள் காலையில் ஊதாவாகி இன்னும் எடுப்பாகத் தெரியும். நாலாம் நாள் பச்சை, ஆறாம் நாள் மஞ்சள், ஏழெட்டு நாளில் போன இடம் தெரியாது. நிறத்தைப் பார்த்தே எத்தனையாவது நாள் என்று சொல்லிவிடுவேன். ஊசி போட வருகிறவர்களுக்கு முதல் கவலை வலியல்ல, நாலு பேர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான். அவர்களை யாரும் கண்டுபிடிக்காதபடி அனுப்பிவைத்தவள் நான்.

உங்கள் மேசைமேல் இருக்கும் பச்சைத் தாள் நான் எழுதிக் கொடுத்து அச்சடித்தது. ஊசிக்கு முந்தின வாரம் மீன் எண்ணெய் மாத்திரை வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம். வெந்நீர் ஆவி வேண்டாம். முகத்துக்கு மசாஜ் வேண்டாம். இரண்டு நாளைக்கு ஓட்டம் வேண்டாம். தலையணை இல்லாத தூக்கம் வேண்டாம். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி: ஐஸ், பத்து நிமிடம். தோல் வெளுத்தாலோ, கண் மங்கினாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே ஓடி வர வேண்டும் என்று பின்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். யாருக்கும் ஒரு குறை வந்ததில்லை.

பக்கத்திலிருக்கும், கையால் எழுதிய தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதையும் நான்தான் எழுதினேன். இல்லை என்று சொல்லப்போவதில்லை.

எனக்கு ஒரே தங்கை. முப்பத்தெட்டு வயதாகிறது, எனக்கு இன்னும் பாப்பாதான். அம்மா போன பிறகு பதினோரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் உட்காருகிறாள். கடை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. எட்டு மணி நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? மாலையில் வந்ததும் அன்றைக்குத் தன் முகத்தில் என்ன குறை கண்டாள் என்று சொல்வாள். அப்படி ஒன்றும் இல்லை என்பேன் நான். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

முப்பத்தாறாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் மர வேலைப் பட்டறையில் அறுவை இயந்திரம் ஓட்டுகிறவர். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இருபது வருடமாக அந்த இயந்திரத்தில் ஒரு நகம்கூடப் போனதில்லை என்று பட்டறையில் பெருமையாகச் சொல்வார்கள். அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க இரண்டு வருடம் முயன்றேன். குடி இல்லை, கோபம் இல்லை, கஞ்சத்தனம் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருந்தால் ஏதோ ஒன்றை ஒளித்துவைத்திருக்க வேண்டும் அல்லவா?

கல்யாணமான புதிதில் பாப்பா தினமும் போன் செய்தாள். பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை. நான் குறை சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

போன வருடக் கடைசியில் அவளே வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டதாம். அவரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "இருக்கிற முகமே எனக்குப் போதும், அதுல எதையும் மாத்தாத" என்றிருக்கிறார். அதனால் அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்றாள். முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரப்புவார்கள். நாலு முறை, ஐந்து மாதத்தில் என்று டாக்டர் சொன்னார்.

முதல் முறை நான் ஒரு தவறும் செய்யவில்லை. பச்சைத் தாளில் உள்ளபடிதான் எல்லாம் நடந்தது. ஆனாலும் இடது கண்ணுக்குக் கீழே கன்றிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகும். அந்த ஏழு நாளும் கடை விட்டதும் பாப்பா நேராக என் வீட்டுக்கு வந்தாள். என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். பத்து நிமிடம் ஐஸ், பத்து நிமிடம் ஓய்வு. அந்த ஓய்வில் அவள் பேசுவாள், கடையில் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்கள் முகத்தைக் கோணுவது மாதிரி செய்து காட்டுவாள், நான் சிரிப்பேன். எட்டாம் நாள் கண்ணுக்குக் கீழே சுத்தமாகிவிட்டது. எட்டாம் நாள் அவள் வரவில்லை. ஐஸ் தட்டை நிரப்பி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு மறுநாள் மதியம் கிளினிக்கின் பின்வாசலுக்கு அவர் வந்தார். புருவத்தில் மரத்தூள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிராதீங்க."

"சொல்லுங்க மாப்பிள்ள."

"நான் தூக்கத்துல கையக் கால வீசுவேன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். போன வாரம் அவ கண்ணுக்குக் கீழ கன்னிப்போயிருந்துச்சு. படுக்கும்போது நல்லாத்தான் இருந்தா, காலைல பாத்தா ஊதாவா இருக்கு. கதவுல இடிச்சிக்கிட்டேங்கறா." கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தார். "நான் அடிச்சிருப்பனோ?"

படுக்கும்வரை பாப்பா மேக்கப் பூசி மறைத்திருந்தது அவருக்குத் தெரியாது. இரவில்தான் ரத்தக்கட்டு பரவும் என்பதும் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை மடித்து முடித்தேன். அடுத்ததை எடுத்தேன்.

"கதவுல இடிச்சா அந்த எடத்துல கன்னாது, மாப்பிள்ள" என்றேன்.

பொய்யா என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கதவில் இடித்தால் புருவமோ கன்னத்து எலும்போதான் முதலில் படும். "அவகிட்ட கேக்காதீங்க. மறைக்கிறான்னா காரணம் இருக்கும்" என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாப்பாவிடம் தனியாகச் சொன்னேன், "மாப்பிள்ளகிட்ட ஊசியப் பத்தி மூச்சு விடாத. அவர் மனசு ஒடஞ்சிரும்." இரண்டு பேருக்கும் இடையில் நான் ஒருத்திதான். இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். நம்பிக்கைக்குரிய ஆளாக இருப்பது சின்ன விஷயமில்லை, மேடம்.

இரண்டாவது ஊசிக்கு முன்னால்தான் அந்தக் கையெழுத்துத் தாளை எழுதிக் கொடுத்தேன். அச்சடித்ததில் உள்ள அதே வரிகள்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். 'வேண்டாம்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'வேண்டும்' என்று எழுதினேன். டா இருந்த இடத்தில் டு. ஒரே ஓர் எழுத்து. மீன் எண்ணெய் மாத்திரை வேண்டும். வெந்நீர் ஆவி வேண்டும். தலையணை இல்லாத தூக்கம் வேண்டும். பாப்பா கேள்வியே கேட்கவில்லை. நான் எழுதியது என்றால் அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஐஸ் வரியை மட்டும் மாற்றவில்லை. ஐஸ் வைப்பது என் வேலை.

அந்த முறை பதினோரு நாள் வந்தாள். மூன்றாவது முறை பதினாலு நாள்.

அவர் தன் கையைக் கட்டில் கம்பியோடு துண்டால் கட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். பாப்பா கேட்டதற்குத் தோள்வலி என்றாராம். காலையில் துண்டு அவிழ்ந்து கிடந்தது, பாப்பா கன்னத்தில் ஊதா. துண்டை அவிழ்த்தது பாப்பாதான். தோள் வலிக்குமே என்று தூங்கியவருக்கு அவிழ்த்துவிட்டிருக்கிறாள். என் மடியில் படுத்துக்கொண்டு அவளே சொன்னாள். அவர் என்னிடம் துண்டு தானாக அவிழ்ந்துவிட்டது என்றார். நான் திருத்தவில்லை.

பிறகு அவரே ஒருநாள் பாப்பாவின் துணிமணிகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். "கொஞ்ச நாள் உங்ககூட இருக்கட்டும் அக்கா. அங்க இருந்தா அவளுக்கு நல்லதில்ல." காரணம் சொல்லவில்லை. பாப்பா இரவெல்லாம் அழுதாள், தன்மேல் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று. நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவள் அழுததில் எனக்கும் கண் கலங்கியது உண்மை. அவள் என்னோடு இருந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்ததும் உண்மை.

அந்த மூன்று வாரத்தில் ஊசி இல்லை, ஆகவே கன்றலும் இல்லை. அவர் ஒருநாள் வந்து அவள் முகத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு வாசலில் என்னிடம் சொன்னார். "பாத்தீங்களா அக்கா, என்னை விட்டு வந்ததும் சரியாயிருச்சு." உள்ளே வராமலே திரும்பிப் போனார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே போயிருப்பாள்.

சொல்லாமலே போனாள். நாலாவது ஊசி போட்ட அன்று, "அவர் இல்லாம என்னால முடியலக்கா" என்று கிளினிக்கிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். தாளில் எழுதியதை மட்டும் விடாமல் செய்திருக்கிறாள். மறுநாள் காலையில் கன்னம் முழுக்கக் கன்றியிருந்தது. அவர் பட்டறைக்குப் போகிற வழியில் பின்வாசலுக்கு வந்தார். அழவில்லை.

"இந்தக் கைய என்னக்கா பண்றது?"

அவரைத் தேற்றத்தான் நினைத்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லுவாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

ஐந்து மாதத்தில் அவர் அடித்தார் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு பழமொழியாக. அவர் "சரிக்கா" என்றார். பதினோரு மணிக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. வலது கை போய்விட்டது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே. கவனக்குறைவு என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். இருபது வருடம் நகம் போகாத ஆளுக்கு எங்கிருந்து வரும் கவனக்குறைவு? நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். ஓடுகிற அறுவை வாளில் கையை வைத்தது அவர். அந்தக் கைமேல் பழியை வைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மருத்துவமனையில் அவர் கண் திறந்ததும் பாப்பாவைப் பார்த்து, "இனிமே உன் மேல படாது" என்றார். அவளுக்குப் புரியவில்லை. கேட்டாள். அவர் சொன்னார். "ஐயோ, அது ஊசிங்க" என்றாள். "அக்காதானே கூட இருந்து போட்டுவிட்டாங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று அந்தச் சின்னக் குரலில் கேட்டார். நான் பிளாஸ்க்கும் கையுமாக நின்றிருந்தேன். பாப்பா எழுந்து வந்து என்னை அறைந்தாள்.

அது முந்தாநாள். அதனால்தான் இப்போது ஊதா. நாளைக்குப் பச்சையாகும், பிறகு மஞ்சள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஏழு நாளில் போய்விடும். நான் பார்த்துக்கொள்ளவில்லை. நேற்று இரவு தலையணை இல்லாமல் படுத்தேன். காலையில் மீன் எண்ணெய் மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டுதான் இங்கே வந்தேன். பதினாலு நாளாவது இருக்கும்.

அதற்குள் அவள் கோபம் ஆறிவிடும். அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஐஸ் எப்படி வைக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், என் மடியில் படுத்தே கற்றுக்கொண்டவள். அடிக்கிற கைதான் அணைக்கும், மேடம். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.